இரண்டு ஆணிகளுக்கு இடையே

காலை ஏழு. மாலை ஏழு.
தடுப்புச்சுவர் வெடிப்பின் இருபுறமும்
என்சிக் ருஸ்லான் அடித்துவிட்டுப் போன இரண்டு ஆணிகள்.
இடைவெளியை அளந்து எழுதுவது என் வேலை.
மாதம் எண்பது ரிங்கிட்.
குடை கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள்.

நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று.
கையுறைத் தொழிற்சாலை இரவு ஷிப்ட் முடிந்து
பஸ் இறங்கியதும் முகம் கழுவாமல் வருவேன்.
"மலைக்குக் காய்ச்சலா பாக்குற?"
சாப்பாட்டுக் கடை பெரியண்ணன் தினமும் கேட்பார்.
தினமும் புதிதாய்க் கேட்பதுபோல் கேட்பார்.

மலை என்றால் மேகம் தவழும் மலை இல்லை.
புக்கிட் செராயா டவுனுக்கு முதுகு காட்டி
பாதி ரப்பர், பாதி செம்பனை.
உச்சியில் புதுத் தாமானுக்காக வெட்டிய
சிவந்த காயம்.
அடியில் எங்கள் இருபத்திரண்டு வீடுகள்.

கயிறு பிடித்து நட்ட மரங்கள்.
ஏழாவது வரிசை மட்டும் நடுவில்
ஓரடி கீழிறங்கி நிற்கிறது,
பெரட்டில் தூங்கி விழுந்தவன் மாதிரி.
அதை முதலில் கண்டது நானில்லை, கருவியுமில்லை.
பால் வெட்டும் தவமலர் சொன்னாள்:
"கோப்பை ஒரே பக்கமா வழியுது."
மரத்துக்கு வயசாச்சு என்றார் கிராணி.

நவம்பரில் மழைமானிப் புட்டி நிறைய ஆரம்பித்தது.
முப்பத்தெட்டு. அறுபத்து நான்கு. தொண்ணூற்றேழு.
இரண்டு முறை சங்கு ஊதினேன்.
இரண்டு முறையும் சூராவை, பாஸ்போர்ட்டை, பாதி வெந்த சோற்றைத்
தூக்கிக்கொண்டு பள்ளி மண்டபத்தில் படுத்தோம்.
இரண்டு விடியலிலும் மலை
நின்ற இடத்தில் நின்றது.
நான்தான் நகர்ந்துபோனேன்,
எல்லோர் பேச்சிலிருந்தும்.

மூன்றாவது இரவு நாற்பத்தேழு.
ஐம்பதைத் தாண்டினால்தான் சங்கு என்கிறது தாள்.
ருஸ்லான் போனை எடுக்கவில்லை.
அன்று வேலைக்குப் போகவில்லை, சம்பளம் பிடிப்பார்கள்.
டார்ச்சோடு மறுபடி ஏறினேன்.
தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால்
நின்றுவிட்டிருந்தது.
மழை நிற்கவில்லை.

தண்ணீர் எங்கே போகிறது?

சங்கை அழுத்தினேன்.
ஒன்பது கதவுகள் திறந்தன.
மற்றவற்றைக் கையால் தட்டினேன்.
பதினைந்தாம் வீட்டு லோகேந்திரன்
காலையில் ஷிப்ட் இருக்கு என்று உள்ளிருந்தே கத்தினார்.
நாற்பத்தேழு என்றேன். பதிலில்லை.
"அண்ணே, வாய்க்கால் நின்னுபோச்சு" என்றேன்.
நகராண்மையில் இருபது வருடம் வாய்க்கால் தோண்டியவர்.
சட்டை போடாமலே வெளியே வந்தார்,
அப்புறம் எனக்கு முன்னால் ஓடி
அவர்தான் கதவுகளை உதைத்தார்.

மண்டபத்தில் எண்ணினேன். தொண்ணூற்று மூன்று.
மறுபடி எண்ணினேன். தொண்ணூற்று மூன்று.
நான்கு இருபதுக்கு ஒரு சத்தம்.
லோரி கல்லைக் கொட்டுவதுபோல் என்றார் ஒருவர்.
இன்னொருவர், இல்லை, யாரோ பெருமூச்சு விட்டதுபோல்.
நான் கேட்கவே இல்லை,
மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழு மணிக்குப் போனேன். பழக்கம்.
ஏழாவது வரிசை மரங்கள்
லோகேந்திரனின் அடுப்படியில் படுத்திருந்தன.
ஓர் ஆணி இருந்தது.
இன்னொன்று மண்ணோடு எங்கோ.
இடைவெளி என்ற கட்டத்தில்
கோடு போட்டுவிட்டு வந்தேன்.
தொண்ணூற்று மூன்றை எழுத
அந்தத் தாளில் கட்டமில்லை.

பிறகு வந்தார்கள்.
சரிவில் துளையிட்டு நீளக் குழாய்கள் செருகினார்கள்.
மலை சொட்டுச் சொட்டாய் இறைக்கிறது;
மலை ஒண்ணுக்குப் போகுது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
வாய்க்காலுக்குச் சிமெண்டு, வெடிப்புகளுக்குத் தார்ப்பாய்.
ஆறு குடும்பம் டவுன் பிளாட்டுக்குப் போனது.
எனக்கு ஒரு குடை.

புதுச் சுவர், புது ஆணிகள்.
பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு.
இன்று காலை,
ஆறு வாரம் சும்மா கிடந்த மண்வெட்டி இயந்திரத்தை
மேலே யாரோ முடுக்குகிறார்கள்.
பதினெட்டு என்று எழுதிவிட்டேன்.
பேனாவை இன்னும் மூடவில்லை.